உப்பு ஏறிய வண்டி

வண்டி வாங்கப் போகிறவன் கண்ணை நம்பலாம், காதை நம்பலாம். நம் ஊர்க்காரன் மூக்கை மட்டும் நம்பக் கூடாது. யார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். "சார் ரிட்டயர் ஆனதும் கதை சொல்ல ஆரம்பிச்சுட்டார்" என்று உங்களில் ஒருவர் பின்னால் பேசியதும் என் காதில் விழுந்தது. பரவாயில்லை, காதை நம்பலாம் என்றுதானே சொன்னேன்.

நான் ஆம்பூரில் பழைய வண்டி வாங்கி விற்றவன். முழுப் பணம் போட முடியாதவர்களுக்கு லீஸிலும் விட்டேன். மாதாமாதம் டியூ கட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் வண்டி அவர்கள் பேருக்கு மாறும். இன்ஜினை எப்படிப் பார்ப்பது, விலையை எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்லப் போவது ஒரு மத்தியானம் நடந்ததை மட்டும்தான். அன்றைக்குப் பயந்தது போல நான் வேறு எப்போதும் பயந்ததில்லை. என் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யப் படுக்க வைத்த அன்றுகூட இல்லை.

அதற்கு முன்னால் நம் தொழிலில் இருக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேலூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த யார்டின் முதலாளி இதில் பெரிய கில்லாடி. டியூ நின்றுபோனவன் வீட்டுக்குப் போனால் வண்டி அங்கே இருக்காது, மாமனார் ஊரில் எங்காவது புளியமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பான். அவனாகவே வண்டியை நிறுத்தி இடத்தையும் சொல்ல வேண்டும். அதற்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். போன் செய்து, குரலில் அக்கறையைக் கொட்டுவார்.

"தம்பி, உன் வண்டியில ஒரு கோளாறு இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. ஓட்டாதே. எங்க இருக்கியோ அங்கேயே நிறுத்து. நான் மெக்கானிக்கோட வர்றேன். உன் உசுரு முக்கியம்ப்பா."

எதிர்முனையில் இருப்பவன் நன்றி சொல்லிவிட்டு இடத்தைச் சொல்வான். கூட வருகிற மெக்கானிக் சாவியை வாங்கி, ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, வண்டியை நேராக யார்டுக்குக் கொண்டு வந்துவிடுவான். "அடிதடி இல்ல, போலீஸ் இல்ல, பாத்தியா?" என்று முதலாளி சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் வண்டி தூக்குகிற எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். ஒருமுறை மாட்டியவன் டீக்கடையில் பத்துப் பேரிடம் சொல்லுவான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. டிரைவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

மாதனூரிலிருந்து அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் என் யார்டுக்கு வந்தார்கள். தம்பி டேவிட், டிரைவர். அக்கா ஸ்டெல்லா, ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் வேலை. கம்பெனி பஸ் எட்டாத ஊர்களிலிருந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வர ஒரு வேன் வேண்டும் என்றார்கள். டேவிட் வாயே திறக்கவில்லை. அவன் முன்பு ஓட்டிய ஷேர் ஆட்டோவை ராணிப்பேட்டை ஃபைனான்ஸ்காரன் ஒருத்தன், நான் மேலே சொன்ன அதே போன் வித்தையால் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அதை அக்காதான் சொன்னாள். ஜாமீன் கையெழுத்தும் அவள்தான் போட்டாள். போடுவதற்கு முன்னால் வேனின் எல்லா ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்தாள்.

"பிரேக்கு எப்படிண்ணே?"

"கண்ணை மூடிட்டு ஓட்டலாம்மா" என்றேன். அந்தச் சொல்லை நான் அவளிடம் சொன்னேன் என்பதை மறந்துவிடாதீர்கள், நானும் மறக்கவில்லை.

அந்த வேன் ராணிப்பேட்டையில் ஒரு தரகர் மூலம் வந்தது. ஆர்.சி. புத்தகம் சுத்தமாக இருந்தது, ஆள் ஏற்றுகிற வண்டி என்றுதான் போட்டிருந்தது. சீட்டுகள் புதிது, தரையில் புது கார்ப்பெட், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. நம் பக்கத்தில் மூடிய வண்டி எதை வாங்கினாலும் முதலில் உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்போம், வேறு ஊர்களில் இந்த வழக்கம் கிடையாது. சிலர் வேனின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புப் போட்ட பச்சைத்தோலை ஏற்றி, தோல் பதனிடும் டேனரிக்கு ஓட்டுவார்கள். தோலிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் தரையில் இருக்கும் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கும். இறங்கி, அடியில் போகிற இரும்பு எல்லாவற்றையும் மெல்ல மெல்லத் தின்னும். பின் சக்கரங்களுக்குப் போகிற பிரேக் பைப்பும் அந்த வழியில்தான் இருக்கிறது. அப்படி உப்பு ஏறிய வண்டியை ஆள் ஏற்ற வாங்கவே கூடாது, என்ன பெயின்ட் அடித்திருந்தாலும் சரி.

நானும் எங்கள் மெக்கானிக் கஃபூர் பாயும் உள்ளே தலையை விட்டு மோந்தோம். வாசனை வந்தது. ஆனால் எங்கள் யார்டுக்குப் பின்பக்கமே டேனரி வாய்க்கால் ஓடுகிறது. காலையில் எழுந்து கதவைத் திறந்தால் அந்த வாசனை, சோற்றில் கை வைத்தால் அந்த வாசனை. எனக்கு அது வாசனை என்றே தெரியாத அளவுக்குப் பழகிப்போனது.

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது பாய்" என்றேன்.

"ஆமா தோஸ்த், இன்னைக்கு ஜாஸ்தியாத்தான் அடிக்குது" என்றார் பாய்.

இரண்டு பேரும் வாய்க்கால் மேல் பழியைப் போட்டுவிட்டு வண்டியை வாங்கினோம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் எந்த யார்டுக்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஹைவே சமதளம். வேன் ஒழுங்காக ஓடியது. சில மாதம் கழித்து டேவிட்டின் டியூ ஒன்று தள்ளிப்போனது. நான் ஒன்றும் பெரிதாகச் சத்தம் போடவில்லை, "பாத்து கட்டிடுப்பா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஆனால் கட்ட வேண்டியவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், ராத்தூக்கம் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஒரு நாள் லீவு வந்தது. மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா போன் செய்தாள். ஸ்டிச்சிங்கில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, டேவிட்டின் வேனிலேயே ஏலகிரி மலைக்குப் போயிருந்தார்கள். பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்டது.

"இன்னாண்ணே வண்டி குடுத்திருக்கீங்க? ஒரே நாத்தம். மேல வந்ததுல இருந்து எங்களால உள்ள உக்கார முடியல. ஒரு குழந்தை வாந்தி எடுத்துடுச்சு."

நான் கிண்டலாகவே பேசினேன். "ஷூ கம்பெனிக்காரங்களுக்குத் தோல் நாத்தம் புதுசாம்மா?"

"கீழ இருந்தப்ப தெரியலண்ணே. மேல காத்து சுத்தமா இருக்குதா, அப்பத்தான் தெரியுது. வெளிய இறங்கினா ஒண்ணுமில்ல. உள்ள ஏறினா குப்புன்னு வருது."

"சரி, கீழ வந்ததும் யார்டுக்கு அனுப்பு. பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டேன். கையைத் துடைத்தேன். துடைத்த துண்டைக் கொடியில் போடும்போது என் கை அப்படியே நின்றுவிட்டது.

வெளியே இல்லை, உள்ளே மட்டும். அப்படியானால் நாங்கள் மோந்தது வாய்க்காலை இல்லை, வண்டியைத்தான். தரைக்கு அடியில் உப்பு இருக்கிறது, அதை மறைக்கத்தான் புது கார்ப்பெட்டும் கறுப்புப் பெயின்ட்டும். அந்த வண்டி இப்போது மலை உச்சியில் நிற்கிறது. சமதளத்தில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டினால் அரித்துப்போன பைப்கூட வருடக்கணக்கில் தாங்கும். மலை இறக்கத்தில், வண்டி நிறைய ஆட்களோடு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அழுத்தி மிதித்தால் தாங்காது. பாய் என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்துவிட்டார். நான் சொல்லி முடிக்கும்முன் அவர் கார் சாவியை எடுத்துவிட்டார்.

அடுத்து நான் செய்த காரியத்தைக் கவனமாகக் கேளுங்கள். நான் ஸ்டெல்லாவைக் கூப்பிடவில்லை. ஸ்டியரிங் பிடிக்கிறவனிடம்தானே சொல்ல வேண்டும் என்று டேவிட்டைக் கூப்பிட்டேன். பதற்றத்தில் என் வாயில் வந்தது இதுதான்.

"டேவிட், வண்டியில ஒரு கோளாறு இருக்கு. ஓட்டாதே. எங்க இருக்கியோ அங்கேயே நிறுத்து. நான் மெக்கானிக்கோட வர்றேன்."

அவன் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"டேவிட், கேக்குதா?"

"கேக்குது சார்" என்றான். அப்புறம் மெதுவாக, "டியூ நாளைக்குக் கட்டிடறேன் சார்" என்றான். போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், அணைத்து வைத்திருந்தான்.

நான் அவனிடம் சொன்னது என்ன என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வார்த்தைக்கு வார்த்தை அதே பேச்சு. வேலூரில் கற்றுக்கொண்டு எத்தனையோ பேரிடம் பொய்யாகச் சொன்னதை, முதல்முறையாக உண்மையாகச் சொல்லியிருக்கிறேன். ஆட்டோவைப் பறிகொடுத்தவன் என்ன செய்வான்? நான் போய்ச் சேருவதற்குள் மலையை விட்டு இறங்கி, எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பான். அதுவும் வேகமாக இறங்குவான். நிதானமாக இறங்க இருந்தவனை நானே பயமுறுத்தி விரட்டிவிட்டேன்.

பாய் ஹைவேயில் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டெல்லாவின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அழுத்தினேன், அதே குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு அவளை நான் சபித்த சாபம் கொஞ்சநஞ்சமில்லை. பாய் ஏதோ துஆ ஓதிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கப் பயம்.

வாணியம்பாடியைத் தாண்டும்போது எதிர்முனையில் மணி அடித்தது, ஸ்டெல்லா எடுத்தாள். பாட்டுச் சத்தம் இல்லை. இன்ஜின் உறுமுகிற சத்தமும் ஹாரனும்தான் கேட்டது. இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏண்ணே இப்படி பண்றீங்க?" அவள் குரலில் இருந்தது அழுகையா கோபமா தெரியவில்லை. "நாத்தம் வருதுன்னு நான் சொன்னதையே சாக்கா வெச்சு வண்டியத் தூக்கப் பாக்கறீங்களே. பொம்பளைங்களும் குழந்தையும் இருக்கிற வண்டிண்ணே."

"ஸ்டெல்லா, நான் தூக்க வரல. பிரேக்கு..."

"அப்படித்தான் அந்த ராணிப்பேட்டைக்காரனும் சொன்னான்."

சத்தியம் செய்யலாம், பிள்ளைகள் மேல் ஆணையிடலாம். அதையெல்லாமும் வண்டி தூக்குகிறவன் செய்வான். நான் எந்த வார்த்தையை எடுத்தாலும் அது முன்பே யாராவது ஒருத்தன் எச்சில் படுத்திய வார்த்தையாக இருந்தது. என் பேச்சுக்கு மதிப்பில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அப்படியானால் என் பேச்சு தேவைப்படாத ஏதாவது ஒன்று வேண்டும். அவளே கையால் தொட்டுப் பார்க்கிற ஏதாவது ஒன்று.

"என்னை நம்ப வேணாம்மா" என்றேன். "போனை மட்டும் வெச்சுடாதே. நீ எங்க உக்காந்திருக்கே?"

"பின் சீட்டுல. எதுக்கு?"

"உன் காலுக்குப் பக்கத்துல, சக்கரம் வர்ற இடம் வீங்கினாப்ல இருக்கும். அதோட ஓரத்துல கார்ப்பெட்டைப் பிடிச்சு இழு. கீழ வெள்ளையா பூத்திருக்கா பாரு. பூத்திருந்தா விரல்ல எடுத்து நாக்குல வெச்சுப் பாரு. அதுக்கப்புறம் நீ என்ன முடிவு பண்ணாலும் சரி."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த இடத்தில் உப்பு இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? விற்றவன் சுரண்டிக் கழுவியிருக்கலாம். அங்கே ஒன்றும் இல்லை என்றால் நான் பொய்யன் என்பது உறுதியாகிவிடும், அவள் போனை வைத்துவிடுவாள். இருக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன், இருந்துவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமி எதைக் கேட்டிருக்கும் என்று தெரியவில்லை.

போனில் கார்ப்பெட் கிழிகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண், "இன்னாடி பண்றே?" என்று கேட்டாள். ஒரு குழந்தை சிணுங்கியது. டயர் கிறீச்சிட்டு வண்டி ஒரு வளைவில் திரும்பியது, எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்தினார்கள். அப்புறம் ஸ்டெல்லாவின் குரல் வந்தது, எனக்கு இல்லை, தம்பிக்கு.

"டேவிட், வண்டிய நிறுத்து."

"அக்கா, அவன் பேச்சைக் கேக்காதக்கா."

"அவன் பேச்சைக் கேக்கலடா. உப்புடா. தரை பூரா தோல் உப்புடா."

"பிரேக்கை ஓங்கி மிதிக்க வேணாம்னு சொல்லு" என்று நான் கத்தினேன். "கியரைக் குறைக்கச் சொல்லு. பள்ளத்துப் பக்கம் போக வேணாம். மலைச் சுவத்துல உரசி நிறுத்தச் சொல்லு. வண்டி போனா போவட்டும்."

அவள் அதைத் திருப்பிச் சொன்னது பாதிதான் கேட்டது. பிறகு தகரம் கல்லில் இழுபடுகிற சத்தம், எல்லோருமாகச் சேர்ந்து போட்ட ஒரு அலறல். அத்தோடு போன் அறுந்துவிட்டது.

அங்கிருந்து மலை அடிவாரத்துக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், எத்தனையோ முறை போன வழி. அன்றைக்கு அந்த வழி முடியவே இல்லை. ஸ்டெல்லாவின் போன் போகவில்லை. டேவிட்டின் போனும் போகவில்லை. "கண்ணை மூடிட்டு ஓட்டலாம்மா" என்று என் குரலிலேயே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பொன்னேரி தாண்டி மலைச்சாலை ஏறினோம். வளைவு வளைவாக நான் பள்ளத்துப் பக்கமே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உடைந்த தடுப்புச் சுவர் இருக்கிறதா, செடிகள் மடிந்து கிடக்கின்றனவா என்றுதான் என் கண் தேடியது. ஒரு வளைவில் கூட்டம். கார்கள் நிற்கின்றன, ஆட்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாய் பிரேக் போட்டார். எனக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. பாய்தான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொரங்குக்கு வாழப்பழம் போடறானுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் சில வளைவுகள் ஏறியதும் அவர்களைப் பார்த்தேன். மலை ஓரமாக ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கையில் தூக்குவாளி, பை, ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. முன்னால் வந்தவள் ஸ்டெல்லா. ஒரு முழங்கை சிராய்த்திருந்தது. நான் இறங்கி நின்றேன். அவள்தான் பேசினாள்.

"எல்லாரும் இருக்கோம். டேவிட்டு மேல வண்டிகிட்ட நிக்கிறான். சாவியத் தர மாட்டானாம்."

வேன் மலைச் சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு பக்கம் முழுக்க நசுங்கி, கண்ணாடி போயிருந்தது. சக்கரங்களுக்கு முன்னால் பெரிய பெரிய கல்லாக உருட்டி வைத்திருந்தார்கள். டேவிட் டிரைவர் கதவில் சாய்ந்து, சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றான். பாயைப் பார்த்ததும் கை இன்னும் இறுகியது. மெக்கானிக்கோடு வருவேன் என்று சொன்னேன் அல்லவா, மெக்கானிக்கோடு வந்திருக்கிறேன்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது சார்" என்றான். "இவ்ளோ தூரம் இறங்கினேன். பிரேக்கு புடிச்சுது. நீங்க சொன்னீங்கன்னு அக்கா கத்துச்சு, அதனால தேவையில்லாம இடிச்சுட்டேன். இதையும் என் கணக்குல எழுதிடுவீங்க."

நான் வாதாடவில்லை. பாய் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். படுத்தவர் ஒன்றும் பேசவில்லை. பாய் சும்மா இருந்தால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

"டேவிட், நான் ஏறல. பாயும் ஏற மாட்டார். நீயே ஏறி உக்காரு. கல்லு இருக்கு, வண்டி நகராது. அடுத்த வளைவுல எப்படி மிதிச்சிருப்பியோ அப்படி ஒரு மிதி மிதி."

அவன் என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டே ஏறினான். கதவைச் சாத்திக்கொண்டான், நான் உள்ளே நுழைந்துவிடுவேன் என்று. இன்ஜினைப் போட்டான். மிதித்தான்.

அடியிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போதும், போதும்" என்றார். பிரேக் எண்ணெய் பின் சக்கரத்துப் பக்கம் பீய்ச்சி அடித்து ரோட்டில் கறுப்பாக ஓடியது. ஜன்னல் வழியாக நான் டேவிட்டின் காலைப் பார்த்தேன். பெடல் தரையோடு தரையாகக் கிடந்தது. அவன் காலை எடுக்கவே இல்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து முன்கண்ணாடி வழியாக அடுத்த வளைவைப் பார்த்தான். அந்த இடத்தில் தடுப்புச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை, அதற்கு அப்பால் கீழே ஊர்களும் வயல்களும் சின்னதாகத் தெரிந்தன.

அவன் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரமாகப் போய் வாந்தி எடுத்தான். நான் அவன் முதுகைத் தடவினேன். தள்ளிவிடுவான் என்று நினைத்தேன், தள்ளவில்லை.

ஸ்டெல்லா மேலே ஏறி வந்திருந்தாள். எண்ணெய் ஓடிய இடத்தைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க மொத போன்லயே உண்மையத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"அதைக் கேட்டுத்தான் இவன் வண்டிய வேகமா எடுத்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வேனை மறுபடி ரோட்டுக்கு விடவில்லை, உடைக்கப் போட்டேன். அவர்களுக்குப் பதிலுக்கு வேறு வண்டி கொடுப்பதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நல்ல வேன் ஒன்று கிடைத்தது. வாங்குவதற்கு முன்னால் அதை யார்டிலிருந்து விரிஞ்சிபுரத்தையும் தாண்டி, டேனரி வாசனை எட்டாத இடத்துக்கு ஓட்டிப் போய், திறந்த வெளியில் ஜன்னலை எல்லாம் சாத்தி வெயிலில் நிறுத்தி, அதன் பிறகு மோந்து பார்த்தோம். கார்ப்பெட்டை முழுக்க உரித்தோம். யார்டில் இன்றைக்கும் ஏன் இப்படிச் செய்கிறார்கள், ஏன் டீசலை வீணாக்குகிறார்கள் என்று உங்களுக்குள் முணுமுணுப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். காரணம் இதுதான்.

வண்டி தயாரானதும் டேவிட்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. வேறு வண்டி ரெடியாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றுதானே சொல்லப் போகிறேன், இதில் எடுக்காமல் இருக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்தேன். அப்படிக் கூப்பிட்டு யார்டுக்கு வரவழைத்து, உட்கார வைத்து, வண்டியைத் தானாகவே திருப்பிக் கொடுத்ததாகக் கையெழுத்து வாங்குவதும் நம் தொழிலில் உள்ள வித்தைதான். அவன் எதற்கு எடுப்பான்?

ஸ்டெல்லா எடுத்தாள். "நீங்களே கொண்டாந்து விட்டுட்டுப் போங்கண்ணே" என்றாள்.

கொண்டுபோனேன். மாதனூரில் அவர்கள் தெருவில் வண்டியை நிறுத்தியதும் அக்கம்பக்கத்தார் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். ஸ்டெல்லா எனக்கு வணக்கம் சொன்னாள். சொல்லிவிட்டு நேராகப் பின் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கார்ப்பெட்டைப் பிடித்துத் தூக்கினாள், தரையில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என் வண்டியைக் குறை சொல்லியிருக்கிறார்கள், எவனும் என்னை அப்படி வெயிலில் நிற்க வைத்ததில்லை. அவள் இறங்கி வந்து கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் டேவிட் வீட்டுக்குள்ளிருந்து வந்தான்.

"எப்படிப் போவீங்க சார்?"

"பஸ்ஸுலதான்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஏறுங்க" என்றான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் புது வண்டியில் கொண்டுபோனான். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அங்கே போனதும் பிரேக் போட்டான், வண்டி நின்றது. கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டோம். நான் இறங்கிக்கொண்டேன்.

டேவிட் இப்போது சொந்தமாக வண்டி வைத்திருக்கிறான், டியூவெல்லாம் முடிந்துவிட்டது. வழியில் பார்த்தால் நிறுத்தி, நலம் விசாரிப்பான். ஆனால் இன்றைக்கு வரைக்கும் என் நம்பரிலிருந்து போன் போனால் எடுக்க மாட்டான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் அக்காவிடம்தான் சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள், எங்களைவிட நைசாகப் பேசுகிறீர்கள். டியூ நின்றவனை வரவழைக்க உங்களிடமும் புதிது புதிதாக வழி இருக்கும். செய்வதற்கு முன்னால் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுத்த வண்டி ஒன்று, ஆட்களோடு, எங்கோ ஒரு மலைமேல் நிற்கும். அதில் என்ன கோளாறு என்று உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் கூப்பிடும்போது, அந்த டிரைவர் போனை எடுக்க வேண்டும்.